ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள படகுக்கு எத்தனை அங்குலச் சக்கரம் சரி?

சிம்கோக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் 20 அடி ஃபைபர் படகு ஒன்று வைத்திருக்கிறேன். பின்னால் தொங்கும் 150 குதிரைவலு அவுட்போர்ட் மோட்டார். முந்தைய உரிமையாளரே சீஸ்டார் ஹைட்ராலிக் ஸ்டியரிங் பூட்டியிருந்தார்; சக்கரத்தைத் திருப்பினால் அதன் பின்னால் உள்ள பம்பு எண்ணெயைத் தள்ளி மோட்டாரைத் திருப்பும். சக்கரம் 13.5 அங்குலம், துருப்பிடிக்காத இரும்பு, மூன்று கம்பிகள்.

எனக்கு அது பிரச்சினை இல்லை. அப்பாவுக்குத்தான் பாரமாக இருக்கிறது. எழுபது வயது, விரல் மூட்டுகளில் வாதம். மயிலிட்டியில் இருந்த காலத்தில் கைப்பிடி பிடித்தே கடலோடியவர். இப்போதும் நான் பின்னால் தூண்டில்களைப் பார்க்க, அவர் முன்னால் நின்று படகை ஓட்டுவார். லேக் டிரவுட் மீன் பிடிக்கத் தூண்டில்களை மெதுவாக இழுத்துக்கொண்டு போகும்போது நாள் முழுக்கச் சக்கரத்தைத் திருப்பியபடி இருக்க வேண்டும். போன கிழமை மத்தியானத்துக்கு முன்னமே கையைப் பிசைந்துகொண்டு இருந்துவிட்டார்.

15.5 அங்குலச் சக்கரம் வாங்கிப் போடலாம் என்று இருக்கிறேன். 17க்குப் போகலாமா? பம்பையே மாற்ற வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

பெர்த் அலை:
யோசிக்கவே வேண்டாம், 15.5 போடுங்கள். என்னுடையது ஆறரை மீட்டர் படகு. ஃபிரீமாண்டிலில் இருந்து ரொட்னெஸ்ட் தீவுப் பக்கம் அடிக்கடி போவேன். 350 மில்லிமீட்டரில் இருந்து 400க்கு மாறினேன். நின்று ஓட்டும்போது வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. சக்கரத்தின் மேல் விளிம்பு கைக்கு வந்து சேர்கிறது, குனிய வேண்டியதில்லை. 17 என்றால் முதலில் இடம் இருக்கிறதா பாருங்கள்.

முத்துநகர் மெக்கானிக்:
தம்பி, வீல் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. பாரமா இருக்குன்னு சொல்றீங்களே, எப்போ பாரமா இருக்கு? கரையில கட்டி நிக்கும்போதுமா, ஓடும்போது மட்டுமா? இடப்பக்கம் வலப்பக்கம் ரெண்டும் ஒரே மாதிரியா?

பதிலைப் பொறுத்து வழி வேற.

சிம்கோக்கரை:
அண்ணை, இன்று பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தே எழுதுகிறேன். கட்டி நிற்கும்போதே பாரமாகத்தான் இருக்கிறது. மோட்டார் அணைத்த நிலையிலும் அப்படியே. ஓடும்போது இன்னும் கூடுகிறது, அதுவும் இடப்பக்கம் திருப்பும்போது. வலப்பக்கம் பரவாயில்லை. குளிர்காலம் முழுக்கப் படகு வெளியில் மூடிக்கிடந்தது, மே மாதம்தான் தண்ணீரில் இறக்கினேன். போன வருடம் இவ்வளவு பாரம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

முத்துநகர் மெக்கானிக்:
அப்போ வீலை விடுங்க. போன வருஷம் அதே வீல், அதே பம்ப், அதே ஆள். இந்த வருஷம் பாரம் கூடியிருக்கு. வீல் சுருங்கிடலையே.

நிக்கும்போதே இறுக்கம்னா பெரும்பாலும் மோட்டார் பக்கம்தான் கோளாறு. மோட்டார் இடம் வலம் திரும்புற அச்சு இருக்கு பாருங்க, அதுல கிரீஸ் காஞ்சு கெட்டியாகிக் கிடக்கும். இல்லேன்னா அந்த இடத்துல இறுக்கம் வைக்கிற திருகாணியை யாராவது முறுக்கி வச்சிருப்பாங்க. ஹைட்ராலிக் போட்ட மோட்டாருக்கு அது தளர்வாத்தான் இருக்கணும்.

சோதனை ரொம்பச் சுலபம். மோட்டாரைத் திருப்புற டில்லர் கையையும், எண்ணெய் அழுத்தத்துல அதைத் தள்ளுற சிலிண்டரையும் சேர்க்கிற போல்ட்டைக் கழட்டிடுங்க. மோட்டாரைக் கையால பிடிச்சுத் தள்ளுங்க. ஒரு கையில சுகமா போகணும். அப்புறம் வீலைத் திருப்புங்க, சிலிண்டர் மட்டும் தனியா ஓடும். எது இறுகுதுன்னு உடனே தெரிஞ்சுடும். திரும்பப் பூட்டும்போது பழைய லாக் நட்டைப் போடாதீங்க, புதுசு போடுங்க. அந்த ஒரு நட்டுதான் ஸ்டியரிங்கே.

நிக்கும்போது லேசா இருந்து ஓடும்போது மட்டும் பாரமா இருந்தாத்தான் வீல் சின்னதுங்கிற சந்தேகம் வரணும்.

கணக்குப்பிள்ளை:
மெக்கானிக் அண்ணன் சொன்ன வரிசைதான் சரி. ஆனாலும் சக்கர அளவு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை எண்களோடு பார்த்துவிட்டால் காசு வீணாகாது.

சீஸ்டார் பம்புகள் ஒரு சுற்றுக்கு எவ்வளவு எண்ணெய் தள்ளும் என்பதை வைத்து வருகின்றன: 1.4, 1.7, 2.0, 2.4 கன அங்குலம். ஏறக்குறைய 23, 28, 33, 39 சிசி. மோட்டாரில் உள்ள சிலிண்டர் சுமார் 138 சிசி பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 28 சிசி பம்பில் மோட்டாரை இடக் கோடியில் இருந்து வலக் கோடிக்குத் திருப்ப ஏறக்குறைய 5 சுற்று. 23 சிசியில் 6 சுற்று. 33 சிசியில் நாலே கால்.

சக்கரத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தச் சுற்றுக் கணக்கு மாறாது. அதைப் பம்பும் சிலிண்டரும்தான் முடிவு செய்கின்றன. சக்கரம் வெறும் நெம்புகோல்.

ஓட்டத்தில் குழாயில் 20 பார் அழுத்தம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், 28 சிசி பம்பைத் திருப்ப விளிம்பில் கொடுக்க வேண்டிய விசை:
13.5 அங்குலச் சக்கரத்தில் சுமார் 5.3 கிலோ.
15.5 அங்குலத்தில் சுமார் 4.6 கிலோ.
அதே 13.5ஐ வைத்துக்கொண்டு பம்பை 23 சிசிக்கு மாற்றினால் சுமார் 4.4 கிலோ.

ஆக இரண்டு அங்குலம் கூட்டினால் 13 சதவீதம் குறைகிறது. பம்பை மாற்றினால் 18 சதவீதம்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். கோடியில் இருந்து கோடிக்குத் திருப்பும்போது கை நகரும் தூரம் 13.5க்கு 5.3 மீட்டர், 15.5க்கு 6.1 மீட்டர், சின்னப் பம்புக்கு 6.5 மீட்டர். விசையையும் தூரத்தையும் பெருக்கினால் மூன்றுக்கும் ஒரே விடைதான். உழைப்பு குறைவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வருகிறது, அவ்வளவுதான். மூட்டுவாதம் உள்ள கைக்கு அப்படிப் பிரிந்து வருவது நல்லதா, அதிக தடவை சுற்றுவது வலியா என்பது உங்கள் அப்பாவுக்குத்தான் தெரியும். அவரையே கேளுங்கள்.

வல்வைக் காற்று:
மெதுவாக இழுத்து மீன்பிடிப்பவருக்கு நான் சொல்வது சக்கர விளிம்பில் பூட்டும் ஒரு கைப்பிடிக் குமிழ். ஹைட்ராலிக்கில் சக்கரத்துக்கு 'நேர்' என்ற இடமே இல்லை. உள்ளே எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து போவதால் இன்று மேலே நிற்கும் கம்பி நாளைக்குப் பக்கவாட்டில் நிற்கும். ஆகவே குமிழை எங்கே பூட்டினாலும் ஒன்றுதான். உள்ளங்கையால் தள்ளிச் சுற்றலாம், விரலால் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. வாதக்காரருக்கு அது பெரிய உதவி.

வேகமாக ஓடும்போது மட்டும் கவனம். சட்டைக் கை அதில் மாட்டும்.

பெர்த் அலை:
குமிழ் யோசனை நல்லது. என் முதல் பதிவில் அவசரப்பட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. நான் சக்கரத்தை மாற்றிய அதே நாளில்தான் ஸ்டியரிங் எண்ணெயில் இருந்த காற்றையும் எடுத்தேன். லேசானது எதனால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

முத்துநகர் மெக்கானிக்:
அதைச் சொன்னீங்களே, ரொம்ப நல்லது. காத்து பெரிய விஷயம். எண்ணெய் அமுங்காது, காத்து அமுங்கும். வீலைத் திருப்பினா மொதல்ல காத்து அமுங்கிட்டுத்தான் மோட்டார் அசையும். பஞ்சை அமுக்குற மாதிரி இருக்கும். வீலை ஒரு பக்கம் முழுசாத் திருப்பி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, பம்ப் மேல இருக்குற மூடியைத் திறந்து எண்ணெய் மட்டம் பாருங்க. மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்குச்சுன்னா உள்ள காத்து இருக்கு.

காத்து எடுக்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் வீல்ல, ஒருத்தர் சிலிண்டர்ல. பம்ப் மூடியில எண்ணெய் பாட்டிலைக் குழாயோட கவுத்து வச்சிரணும், நடுவுல வத்தவே கூடாது, வத்தினா மறுபடி காத்து ஏறிடும். சிலிண்டர்ல காத்து வெளியேத்துற நிப்பிள் ரெண்டு இருக்கும்; ஒரு பக்கத்து நிப்பிளைத் திறந்து காத்துக் குமிழி இல்லாம எண்ணெய் வர்ற வரைக்கும் வீலைத் திருப்பி, மூடிட்டு, மறுபக்கம் அதே மாதிரி. எண்ணெய் ஸ்டியரிங்குக்குன்னு விக்கிறதா இருக்கட்டும். பிரேக் ஆயில் மட்டும் எந்தக் காலத்துலயும் ஊத்தாதீங்க, சீல் எல்லாம் ஊதிப் போயிடும்.

வீல் அளவு பத்தி என் அனுபவம் ஒண்ணு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு விசைப்படகுல சங்கிலி ஸ்டியரிங்கை எடுத்துட்டு ஹைட்ராலிக் போட்டோம். டிரைவருக்குப் பழைய வீல் மேல பிரியம், அதையே மாட்டச் சொன்னாரு. மூணடி வீல். சங்கிலி ஸ்டியரிங்குக்கு அது வேணும், ஏன்னா சுக்கானோட பாரம் பூரா நேரா கைக்கு வரும். பம்புக்கு அது வேண்டாம். நானும் சரின்னு மாட்டிக் கொடுத்துட்டேன். அலையில படகு சாயும்போதெல்லாம் மனுஷன் வீலைப் பிடிச்சுத்தான் நிப்பாரு. அவர் எடை முழுக்க அந்த மூணடியில இருந்து பம்ப் அச்சை நெம்பியிருக்கு. ஒரு சீசன் முடியல, அச்சு சீல்ல எண்ணெய் வடிஞ்சு வீல்ஹவுஸ் தரை பூரா வழுக்கல். அவர் வழுக்கி விழாம இருந்தது தெய்வச் செயல். அன்னைக்கு நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். இன்னைக்கு வரைக்கும் மனசுல உறுத்துது.

பம்ப் கையேட்டுல இவ்வளவு விட்டத்துக்கு மேல வீல் போடாதேன்னு எழுதியிருக்கும். அதைத் தாண்டாதீங்க. 17 போடறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைப் படிச்சுருங்க.

சிம்கோக்கரை:
சோதனை செய்தாயிற்று. அண்ணை, நீங்கள் சொன்னது அப்படியே.

போல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஒரு கையால் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தோளைக் கொடுத்துத் தள்ளியபோது 'கிறீச்' என்று ஒரு சத்தத்தோடு நகர்ந்தது. சக்கரமோ, சிலிண்டரைத் தனியாக ஓட்டியபோது ஒரு விரலால் சுற்றியது.

அச்சில் இரண்டு கிரீஸ் நிப்பிள்கள். மேல் நிப்பிளில் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அமுக்கினால் உள்ளே போகவே இல்லை. நிப்பிளைக் கழற்றிப் பார்த்தேன். துவாரத்தில் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகி, அதில் பச்சை நிறத்தில் உப்புப் போல ஏதோ படிந்திருந்தது. மெல்லிய கம்பியால் குத்தி எடுத்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஹேர் டிரையரால் சூடுகாட்டி, ஒரு இரவு விட்டேன். காலையில் புது நிப்பிள் போட்டு அமுக்கினேன். முதலில் பழுப்புத் தண்ணீர், பிறகு கறுப்புக் கட்டி, பிறகு சாம்பல் நிறம், கடைசியாக நான் போட்ட நீல நிறக் கிரீஸே வெளியில் வந்தது. அதுவரைக்கும் மோட்டாரை அங்கும் இங்கும் அப்பாதான் ஆட்டிக்கொண்டு நின்றார்.

இலையுதிர் காலத்தில் படகை எடுத்து வைக்க வந்த பணிமனை ஒன்றுக்கு 'கிரீஸ் போட்டது' என்று பணம் கட்டியிருந்தேன். அந்த நிப்பிளில் பல வருடமாக ஒரு சொட்டும் போனதாகத் தெரியவில்லை.

இப்போது கட்டி நிற்கும்போது நல்ல லேசு. ஓட்டிப் பார்த்தோம், அதிலும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் இடப்பக்கம் திருப்பும்போது இன்னும் கொஞ்சம் பாரம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
மகிழ்ச்சி. இடப்பக்கப் பாரத்துக்கு புரொப்பெல்லருக்கு மேலே, கிடையாக உள்ள தகட்டுக்கு அடியில் மீன் செட்டை மாதிரி ஒரு சின்னத் துடுப்பு தொங்கும், பாருங்கள். புரொப்பெல்லர் சுழலும்போது மோட்டாரை ஒரு பக்கம் இழுக்கும், அந்த இழுப்பைச் சமன்செய்யத்தான் அது. கேபிள் ஸ்டியரிங்கில் அந்த இழுப்பு நேராகக் கைக்கு வரும். ஹைட்ராலிக்கில் பம்புக்குள் இருக்கும் வால்வு அதைத் தடுத்து நிறுத்திவிடும். அதனால் சக்கரத்தை விட்டாலும் படகு நேராகத்தான் போகும். ஆனால் இழுப்புக்கு எதிராகத் திருப்பும்போது பாரம் தெரியும்.

உங்களுக்கு வலப்பக்கம் லேசு என்பதால், துடுப்பின் பின்முனையை வலப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் பூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் போதும். ஓட்டிப் பாருங்கள், பிறகு மீண்டும். பல மோட்டார்களில், மோட்டாருக்குப் பதிலாக அரிமானத்துக்குப் பலியாகும் துத்தநாகமோ அலுமினியமோ கலந்த கட்டியும் அதுவே. பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.

புதுவைத் துடுப்பு:
குறுக்கே ஒரு கேள்வி. கார் ஸ்டியரிங் வீல் பழையது ஒன்று வீட்டில் இருக்கிறது, 14 அங்குலம், பிடிக்க மெத்தென்று இருக்கும். அதையே படகுப் பம்பில் மாட்டலாமா?

முத்துநகர் மெக்கானிக்:
வேண்டாம் தம்பி. படகுப் பம்ப் அச்சு முக்கால் அங்குலம், நுனி கூம்பாப் போகும், அதுல வீல் அச்சுல வழுக்காம பிடிக்கிற, அரைநிலா மாதிரி ஒரு சின்ன உலோகத் துண்டு, கீன்னு சொல்வாங்க, அது உக்காரும். கார் வீலுக்குப் பல்லுப்பல்லா இருக்கும். இடைத்துண்டு கடைஞ்சு மாட்டுறவங்க உண்டு. ஆனா கார் வீல் உள்ளே சாதா இரும்புக் கம்பி. உப்புக்காத்துல மேல மெத்தென்னு இருக்கும்போதே உள்ள துரு தின்னுடும். அலையில பிடிச்சுட்டு நிக்கும்போது கையோட வரும்.

பெர்த் அலை:
சிம்கோ நண்பரே, இப்போதும் சக்கரம் மாற்றும் எண்ணம் இருந்தால் கடைக்குப் போகுமுன் அட்டையை வெட்டிப் பாருங்கள். நான் செய்யாமல் விட்டு அவதிப்பட்டது இதில்தான். 15.5 அங்குல வட்டம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, பழைய சக்கரத்தின் மேல் ஒட்டுங்கள். பிறகு மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்தால் தொடையில் இடிக்கிறதா? எனக்கு இடித்தது, இருக்கையை இரண்டு அங்குலம் பின்னால் நகர்த்தினேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் லீவரைப் பின்னோக்கி இழுக்கும்போது விரல் முட்டி சக்கர விளிம்பில் படுகிறதா? கரை சேர்க்கும் அவசரத்தில்தான் அது நடக்கும். மூன்றாவது, நின்றபடி பார்த்தால் வேகமானியையும் ஆழமானியையும் விளிம்பு மறைக்கிறதா?

சக்கரத்தின் குழிவையும் கேட்டு வாங்குங்கள். ஒரே விட்டத்தில் தட்டையாகவும் கிடைக்கும், கிண்ணம் மாதிரிக் குழிந்தும் கிடைக்கும். குழிவு அதிகமானால் விளிம்பு உங்களை நோக்கி வரும். கை நீளம் குறைந்தவருக்கு அது வசதி, இடம் குறைந்த படகுக்குத் தொல்லை.

வல்வைக் காற்று:
விளிம்பின் தடிப்பும் சேர்த்துப் பாருங்கோ. வெறும் இரும்புக் குழாய் விளிம்பு மெல்லியது, விரலை முழுக்க மடக்கினால்தான் பிடி கிடைக்கும். வாதம் உள்ளவருக்கு அந்த மடக்கல்தான் வேதனை. பாலியூரித்தேன் மெத்தை போட்ட தடித்த விளிம்பு என்றால் பாதி மடக்கினாலே போதும். குளிர் நாளில் இரும்பு கையைக் கடிக்கும் என்பதும் உண்டு. கனடாவில் உள்ளவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சிம்கோக்கரை:
அட்டை வெட்டினேன். பீட்சா பெட்டி மூடி 16 அங்குலம் இருந்தது, அதிலேயே 15.5 வட்டம் சரியாக வந்தது.

லீவர் பக்கம்தான் சிக்கல். பழைய சக்கரத்துக்கும் லீவருக்கும் நடுவில் இரண்டரை அங்குலம் இருந்தது. புதியதில் ஒன்றரை. எனக்குப் படவில்லை. அப்பாவின் கை பெரியது, லீவரை நியூட்ரலுக்கு இழுக்கும்போது நடுவிரல் முட்டி அட்டையில் தேய்ந்தது. ஐந்து தடவை செய்யச் சொன்னேன், மூன்று தடவை தேய்ந்தது. சக்கரத்தைச் சாய்க்கும் பொறிமுறையில் ஒரு பல் மேலே தூக்கினேன். பிறகு தேயவில்லை. நின்று ஓட்டுபவருக்கு அந்த உயரமே நல்லதாகவும் இருந்தது. உட்கார்ந்தால் தொடைக்கு மேல் மூன்று விரல் இடைவெளி. 17 அங்குலத்தையும் வெட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன், அட்டை போதவில்லை. லீவர் இடைவெளியைப் பார்த்த பிறகு அதற்குத் தேவையும் இல்லை.

சின்னப் பம்பு வேண்டுமா என்று கேட்டேன். 'இப்ப இருக்கிற சுத்தே போதும், இன்னும் ஒரு சுத்துக் கூடினால் கரை சேர்க்கேக்க எனக்குப் பொறுமை இராது' என்றார். ஆகப் பம்பு அப்படியே.

15.5, குறைந்த குழிவு, மெத்தை விளிம்பு. வாங்கப் போகிறேன்.

முத்துநகர் மெக்கானிக்:
நல்ல முடிவு. பழைய வீலைக் கழட்டும்போது சுத்தியலால அச்சைத் தட்டிடாதீங்க. தட்டினா அடி பம்புக்குள்ள பேரிங்ல விழும். நட்டை அச்சு முனை வரைக்கும் தளர்த்தி, முழுசா எடுக்காம, புல்லர் போட்டு இழுங்க. நட்டு இருந்தா வீல் திடீர்னு மூஞ்சியில வராது. புதுசு மாட்டும்போது கீயைத் துளி கிரீஸ்ல ஒட்டி வைங்க, இல்லேன்னா வீல் அதைப் பின்னால தள்ளிக் கீழ போட்டுடும். கீ உக்காராம நட்டு மட்டும் இறுகினா வீல் நிக்கிற மாதிரிதான் தெரியும், ஒருநாள் நடு ஏரியில சும்மா சுத்தும்.

சிம்கோக்கரை:
மாட்டியாயிற்று. முதல் தடவை கீ விழுந்தேவிட்டது, அண்ணை. நீங்கள் எழுதியது ஞாபகம் வந்து, இறுக்குமுன் சக்கரத்தைத் திரும்ப வெளியில் எடுத்துப் பார்த்தேன். கீ தரைப்பாயில் கிடந்தது. கிரீஸ் பூசி ஒட்டி மறுபடி மாட்டி, கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு நட்டை இறுக்கினேன்.

துடுப்பை இரண்டு தடவை நகர்த்தியதில் இடமும் வலமும் சமமாகிவிட்டது. காற்றுச் சோதனையும் செய்தேன், மட்டம் இறங்கவில்லை. குமிழ் இன்னும் பூட்டவில்லை. அப்பா முதலில் இல்லாமலே ஓட்டிப் பார்க்கிறேன் என்றார்.

சனிக்கிழமை சிம்கோ ஏரியின் கெம்பன்ஃபெல்ட் குடாவில் காலை ஆறு மணியில் இருந்து இரண்டு மணி வரை இழுத்தோம். மேற்குக் காற்று எழுந்து குட்டி அலைகள் நெருக்கமாக வந்த ஒரு மணி நேரமும் அவர்தான் சக்கரத்தில். இடையில் இரண்டு தடவை 'நான் பிடிக்கட்டோ' என்று கேட்டேன், கொடுக்கவில்லை. இரண்டு டிரவுட். பெரியதை வலையில் ஏந்தும்போது படகைச் சரியாகக் காற்றுக்கு எதிரே திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார்.